ஒன்பதாம் சோடி

மலையேற அனுமதி நின்ற வருசம்
கம்பெனியை மூடினோம்.
சாமான்களை மூட முடியவில்லை.

ஒடையகுளத்துக்கு மேற்கே
கொப்பரை போட்டு வைத்த பழைய சாளை.
ஓட்டுக் கூரை, கரண்ட் கிடையாது.
ஆடியில் கணவாய்க் காற்று ஒரு சந்தில் நுழைந்து
ஈரத்தை இறக்கி வைத்துவிட்டு
இன்னொரு சந்தில் கிளம்பிப் போகும்.
மாச வாடகை ஆயிரத்து ஐநூறு.

பாதிப் பங்கு அன்வர்தீனுக்கு.
துணைராணுவத்தில் பதினேழு வருசம் கிடந்தவன்.
எதையும் இறுக்கிக் கட்டாதே என்றான்.
கூடாரத்தைப் பைக்குள் திணித்தால்
மடிப்பு மடிப்பாகச் செத்துப் போகும்,
சேலையாட்டம் கொடியில் விடு.
தூக்கப் பையை அழுத்தி வைத்தால்
அப்புறம் அது மூச்சே விடாது.
கத்தியை உறையிலிருந்து உருவி வை:
தோல் தண்ணி குடிக்கும்,
இரும்பு அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சொல்லிவிட்டு மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான்,
ஒரு நெற்றி விளக்குக்குள் பேட்டரியை மறந்துவிட்டு.
அது பச்சையாய்க் கக்கி வைத்திருந்ததை
மூன்றாம் மாதம் பார்த்தேன்.
அவனிடம் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் பொள்ளாச்சியிலிருந்து ஸ்கூட்டர்.
ஈரமானியைப் பார்த்து நோட்டில் குறிப்பேன்.
ஆடி எண்பத்து நாலு.
மார்கழி எழுபத்து ஒன்று.
மாசியில் ஐம்பத்து எட்டு,
அன்றைக்கு மட்டும் டீக்கடையில் போண்டா.

ரோசாக் கலராய் மாறிய உறிஞ்சு மணிகளை
இதற்கென்றே ஒதுக்கிய வாணலியில் வறுப்பேன்.
நீலம் திரும்ப வரும்வரை கிண்டுவேன்.
என்னங்க்கா, ஒறம்பரைக்குப் பலகாரமா என்று
பக்கத்து வீட்டுச் செண்பகா எட்டிப் பார்ப்பாள்.

இருபத்திரண்டாம் பையின் பக்கவாட்டில்
பாதிக் கடலைமிட்டாய். எந்தக் கல்லூரிப் பையனோ.
அதற்காக எலி மூன்று பைகளைத் துளைத்துக்
கடைசியில்தான் சரியான பைக்கு வந்திருந்தது.

ஆனாலும் பூட்ஸ்களை
என்னைப் போல யாரும் பார்த்திருக்க முடியாது.
பதினெட்டுச் சோடி. மண் தட்டி, நிழலில் உலர்த்தி,
உள்ளே பேப்பர் திணித்து,
காற்றுப் புகாத டப்பாவில் ஒவ்வொன்றாக அடைத்து,
மேலே எண் எழுதி, டேப் ஒட்டி.
திறந்து பார்த்தால் ஈரம் போகுமென்று
திறந்தே பார்க்கவில்லை.

இன்னொரு சாவி ஆறுக்குட்டியிடம்.
அடுத்த தோப்புக்குத் தண்ணி கட்டுகிறவன்,
ஓடு நகர்ந்தால் திருப்பி வைப்பான்.
தோப்பு வரப்பில் சிலசமயம் ஒரு தடம்,
பட்டை பட்டையாய், ஆழமாய்.
டிராக்டர்க்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் வருசம் அனுமதி வந்தது.
டேப்பைக் கிழித்தேன்.
முதல் சோடி கைக்கு வந்தது,
அடிப்பாகம் டப்பாவிலேயே தங்கிவிட்டது.
கடலைப் புண்ணாக்கைப் பிட்டது போல.
இரண்டாவதும். ஐந்தாவதும்.
மேல்தோல் மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது,
மெழுகு போட்டவள் நான்தானே.

ஒன்பதாம் டப்பாவில்
பழைய தினசரி மட்டும்.
நோட்டை எடுத்து *காணவில்லை* என்று எழுதும்போது
வாசலில் சதக் சதக்கென்று அது வந்தது.
கணுக்கால் வரைக்கும் சேறு.

திட்டாதீங்க்கா. பாம்புக்குப் பயந்துட்டுப் போட்டனுங்க.
மூணு வருசமாச்சுங்க.
காலு எட்டு, இது ஒம்பது,
துணி சுத்தித்தானுங்க போடறது.

கழற்றச் சொல்லி வாங்கி
குதியையும் நுனியையும் பிடித்து வளைத்தேன்.
வில் போல வளைந்து
கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தது.

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன்.
அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, நடக்காமல் வைத்தால்
அது உள்ளேயே அவிந்துவிடும் என்றான்.
அதை ஏண்டா முதலில் சொல்லவில்லை?
எனக்கே இப்பத்தான் தெரியும்,
என் பழைய சோடி வீட்டுப் பரணில் இருக்கு என்றான்.

ஆறுக்குட்டி வெறுங்காலோடு நின்றிருந்தான்.
போட்டுக்கொள் என்றேன்.
மடை உடைத்துக்கொண்டதென்று ஓடினான்.

*காணவில்லை* என்பதை அடித்துவிட்டேன்.
அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
பக்கம் அப்படியே கிடக்கிறது.
ஞாயிறு.
ஈரம் அறுபத்து ஆறு.